கடன் ஏட்டில் நம் பெயர்

ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு '555' என்னும் சிறு குறிப்புப் புத்தகத்தைப் பற்றி விளக்கம் கூற வேண்டியதில்லை. தோட்டத்துக் கடையில் அரிசியும் பருப்பும் கடனாக வாங்கும்பொழுது கடைக்காரர் தொகையை அதில் குறித்துக்கொள்வார். சம்பள நாளன்று கணக்குத் தீர்க்கப்படும். கடைக்காரர் எழுதியதே கணக்கு என்றிருந்த காலம் அது. வாங்காத பால்மாவு டின் ஒன்று கணக்கில் ஏறியிருந்தாலும், கட்டிய ஐந்து வெள்ளி கழிக்கப்படாமல் விடுபட்டிருந்தாலும், எழுத்தறியாத பெற்றோரால் அதனைச் சுட்டிக்காட்ட இயலவில்லை. பள்ளிக்குச் சென்ற பிள்ளை புத்தகத்தை விரித்து விரல்விட்டுக் கூட்டிப் பார்த்த பிறகே கடைக்காரரிடம் கேள்வி கேட்கும் துணிவு வீட்டாருக்குப் பிறந்தது.

அத்தகைய ஏடு ஒன்று இன்று கோலாலம்பூரில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய கடன், வீட்டுக் கடன், வங்கியில் பெற்ற தனிநபர் கடன் ஆகியவற்றை நாம் எவ்வாறு செலுத்தி வருகிறோம் என்பது அதில் மாதந்தோறும் பதிவாகிறது. புதிதாகக் கடன் கேட்டு விண்ணப்பிக்கும்பொழுது வங்கி அதிகாரி முதலில் பார்ப்பது அந்த ஏட்டைத்தான். "உங்கள் பெயர் கெட்டுவிட்டது" என்று அவர் கூறினால், நம்மவர்களில் பலர் தலை குனிந்து திரும்பிவிடுகின்றனர். எந்தக் கணக்கில், எந்த மாதத்தில், எவ்வளவு தொகையால் பெயர் கெட்டது என்று கேட்பதில்லை. எழுத்தறிவு பெருகிய பின்னரும் வெட்கம் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது.

ஏட்டை எழுதுவோர் யார்?

நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 1982ஆம் ஆண்டில் கடன் தகவல் பிரிவு ஒன்றை அமைத்தது. 2001ஆம் ஆண்டு முதல் அப்பிரிவின் கணக்குகள் சிசிரிஸ் எனப்படும் கணினி முறையில் வைக்கப்பட்டு வருகின்றன. வங்கிகளும் வேறு சில நிதி நிறுவனங்களும் தத்தம் வாடிக்கையாளர்களின் கணக்கு நிலவரத்தை மாதந்தோறும் அதற்கு அனுப்புகின்றன. ஆகவே ஏட்டை வைத்திருப்பது பேங்க் நெகாரா. அதில் எழுதப்படுவனவற்றை அனுப்புவது கடன் கொடுத்த வங்கி. தவறு நேர்ந்தால் யாரிடம் செல்ல வேண்டும் என்பது இந்த வேறுபாட்டில்தான் அடங்கியுள்ளது.

இதனை அன்றி, தனியார் நிறுவனங்கள் சிலவும் கடன் தகவல்களைத் திரட்டி வைத்துள்ளன. அவற்றுள் நம்மிடையே பெரிதும் பேசப்படுவது 1990ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிடோஸ். நீதிமன்ற வழக்குகள், நொடிப்பு அறிவிப்புகள், வியாபார நிறுவனங்கள் தெரிவிக்கும் பாக்கிகள் முதலியன அதில் இடம்பெறும். வங்கியில் கடனே வாங்காத ஒருவருடைய பெயர் தொலைபேசிக் கட்டணப் பாக்கியால் அங்கே ஏறியிருப்பதும் உண்டு. இத்தகைய நிறுவனங்கள் 2010ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்திற்கு உட்பட்டவை. தம்மைப் பற்றிய தகவலைப் பார்க்கவும், தவறு இருப்பின் திருத்தக் கோரவும் அச்சட்டம் ஒவ்வொருவருக்கும் உரிமை அளிக்கிறது.

'பிளாக்லிஸ்ட்' என்னும் சொல் தோட்டங்களில் தாராளமாகப் புழங்குகிறது. பேங்க் நெகாராவிடம் அப்படி ஒரு கறுப்புப் பட்டியல் கிடையாது. இவருக்குக் கடன் கொடு, அவருக்குக் கொடுக்காதே என்று சிசிரிஸ் எந்த வங்கிக்கும் கட்டளையிடுவதில்லை. நடந்ததை மட்டும் அது காட்டும். முடிவு செய்வது அந்தந்த வங்கி. ஒரு வங்கி மறுத்ததை மற்றொரு வங்கி ஏற்றுக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

அறிக்கையைப் பெறும் வழி

சிசிரிஸ் அறிக்கைக்குக் கட்டணம் ஒரு காசும் இல்லை. கைப்பேசியில் இணைய வசதி உள்ளவர்கள் இசிசிரிஸ் என்னும் பேங்க் நெகாராவின் தளத்தில் பதிவு செய்துகொண்டு தம் அறிக்கையைத் தாமே எடுக்கலாம். பதிவு செய்யும்பொழுது அடையாளக் கார்டைக் கொண்டு ஆள் இன்னார் என்பது உறுதி செய்யப்படும். கைப்பேசியில் பழக்கமில்லாதவர்கள் கோலாலம்பூரில் உள்ள பேங்க் நெகாராவின் மக்கள் சேவை முகப்பிற்கோ, ஏ.கே.பி.கே. எனப்படும் கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனத்தின் கிளைக்கோ அடையாளக் கார்டுடன் நேரில் செல்லலாம். செல்வதற்கு முன்னர் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண்ணில் விசாரித்துக்கொண்டால், பஸ் கட்டணமும் ஒரு நாள் சம்பளமும் வீணாகா.

தனியார் நிறுவனங்களின் அறிக்கைகளில் கட்டணம் உள்ளவையும் உண்டு. மதிப்பெண் போட்ட அறிக்கை, வண்ணப் படம் போட்ட அறிக்கை என்று பலவகை இருக்கும். கையில் பணம் குறைவாக உள்ளவர் முதலில் சிசிரிஸ் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் போதும். சிடோஸில் வழக்கு இருப்பதாக வங்கி கூறினால் மட்டும் அடுத்த படிக்குச் செல்லலாம். அப்பொழுதும், கட்டணமின்றிக் கிடைக்கும் பகுதி எது என்று கேட்டறிந்த பின்னரே பணம் செலுத்த வேண்டும்.

அறிக்கையை எடுப்பதற்காக அடையாளக் கார்டையோ கைப்பேசியையோ பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு வெளியே காத்திருப்பது ஆகாது. வீட்டில் இடைநிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளை இருந்தால், அப்பிள்ளையை அருகில் அமர்த்திக்கொள்ளலாம்.

எண்களைப் படிக்கும் முறை

அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரிசை இருக்கும். கடன் தந்தது எத்தகைய நிறுவனம், கடன் எவ்வகை, எஞ்சிய தொகை எவ்வளவு என்பவற்றுக்குப் பின்னால், பன்னிரண்டு மாதங்களுக்குரிய பன்னிரண்டு எண்கள் காணப்படும். பூச்சியம் என்றால் அம்மாதத்தில் பாக்கி ஏதும் இல்லை. 1 என்றால் ஒரு மாதத் தவணை பாக்கி. 2 என்றால் இரண்டு மாதத் தவணை.

இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். எடுத்துக்காட்டாக, பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் மோட்டார் சைக்கிளுக்கு மாதம் 240 வெள்ளி தவணை கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சு மாதத்தில் மரங்கள் இலையுதிர்த்து நின்றன, பால் குறைந்தது, அம்மாதத் தவணையை அவரால் கட்ட இயலவில்லை. ஏப்ரல் மாதம் முதல் ஒரு மாதமும் தவறாமல் 240 வெள்ளி கட்டி வருகிறார். தாம் தவறியது ஒரே ஒரு முறை என்பது அவருடைய எண்ணம். அறிக்கையை எடுத்துப் பார்த்தால், மார்ச்சு முதல் டிசம்பர் வரை எல்லா மாதத்திற்கும் 1, 1, 1 என்று நிரம்பியிருக்கிறது!

வங்கி பொய் எழுதிவிட்டதா? இல்லை. அவர் ஏப்ரலில் கட்டிய பணம் மார்ச்சுத் தவணைக்குச் சேர்ந்தது. மே மாதப் பணம் ஏப்ரல் தவணைக்குச் சேர்ந்தது. அந்த ஒரு தவணை இன்னும் பின்தங்கியே நிற்கிறது. எத்தனை முறை தவறினார் என்பதை அந்த எண் குறிப்பதில்லை. அம்மாத இறுதியில் எத்தனை தவணை நிலுவையாக நின்றது என்பதையே குறிக்கிறது. அவர் எப்படியாவது ஒரு மாதத்தில் 240 வெள்ளியைக் கூடுதலாகக் கட்டிவிட்டால், அடுத்த மாதத்திலிருந்து பூச்சியம் விழத் தொடங்கும். பழைய எண்கள் ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளப்பட்டு, பன்னிரண்டு மாதங்களில் அறிக்கையை விட்டு மறைந்துவிடும். ஆண்டு முழுவதும் ஒழுங்காகக் கட்டியும் கெட்ட பெயர் எடுக்கும் ஒருவருக்கு, அப்பெயரை மீட்கத் தேவையானது ஒரே ஒரு தவணைப் பணம். இதனை அறியாமல் பத்து மாதம் கவலையில் உழல்வோர் எத்தனை பேர்!

தாமதக் கட்டணமும் இவ்வாறே சிறு பாக்கியாகச் சேர்ந்து நிற்கும். ஆகவே கட்டும் முன்னர் வங்கியில், "கணக்கு முழுவதும் நேராவதற்கு இன்றைய தேதியில் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேட்டு, அத்தொகையை எழுதி வாங்கிக்கொள்வது நலம்.

பாக்கி மூன்று மாதத்தை எட்டினால் வங்கி அதனை வாராக்கடன் வரிசையில் சேர்க்கத் தொடங்கும். அதன் பின்னர் அறிக்கையில் அக்கணக்கு தனிக் கவனத்திற்குரிய கணக்காகவும் இடம்பெறக்கூடும். ஒன்றிலிருந்து பூச்சியத்திற்குத் திரும்புவது எளிது. மூன்றைத் தாண்டிவிட்டால் மீண்டும் ஏறி வருவது கடினம்.

தவறு கண்டால்

அறிக்கையில் உள்ள கெட்ட கணக்கு நம்முடையதே அன்று என்றிருக்கலாம். நம்முடையதுதான், ஆனால் தொகையோ மாத எண்ணிக்கையோ பிழை என்றிருக்கலாம். அல்லது எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். இவற்றுள் எதுவென்று முதலில் மனத்துக்குள் தெளிய வேண்டும். உண்மையான பாக்கியை மறுத்து எழுதுவதால் நேரம் வீணாவதோடு, நாளை உண்மையான பிழையைச் சுட்டும்பொழுதும் நம் சொல் எடுபடாமற் போகும்.

கணக்கு நம்முடையதே அன்று என்றால், அடையாளக் கார்டையோ அதன் நகலையோ யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். தொலைபேசிச் சிம் கார்டு வாங்கவும், தவணையில் தளவாடம் எடுக்கவும் நகல் கொடுத்தது நினைவிருக்கலாம். இந்நிலையில் தாமதியாமல் போலீசில் புகார் செய்து, அப்புகாரின் நகலை வங்கிக்கு அனுப்பி, கடன் ஒப்பந்தத்தில் உள்ள கையொப்பத்தைக் காட்டுமாறு கேட்க வேண்டும். இனி நகல் கொடுக்கும்பொழுதெல்லாம், எந்தக் காரியத்திற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதை அதன் குறுக்கே பேனாவால் எழுதிவிடுவது நல்ல பழக்கம்.

கணக்கு நம்முடையது, பதிவு பிழை என்றால், அதனைத் திருத்த வேண்டியவர் அப்பதிவை அனுப்பிய வங்கியே. பேங்க் நெகாரா தானாக ஓர் எண்ணையும் மாற்றாது. வங்கியிடம் நேராக எழுதலாம். அல்லது பதிவைச் சரிபார்க்குமாறு பேங்க் நெகாராவின் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். வாய்மொழியாகக் கூறிவிட்டு வருவது போதாது. முகப்பில் இன்று இருக்கும் பெண் நாளை வேறு கிளைக்கு மாற்றலாகிப் போகலாம், காகிதம் மாற்றலாகாது.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. தேசிய மொழியில் பின்வரும் கருத்து அமைய எழுதினாற் போதும்:

"என் பெயர் இன்னது, அடையாளக் கார்டு எண் இன்னது. தங்களிடம் உள்ள என் கணக்கின் எண் இன்னது. இன்ன தேதியில் எடுத்த சிசிரிஸ் அறிக்கையில், சூன் மாதத்திற்கு இரண்டு தவணை பாக்கி என்று காணப்படுகிறது. அத்தவணைகளை நான் இன்ன தேதிகளில் செலுத்தியுள்ளேன். ரசீதுகளின் நகல்கள் இத்துடன் உள்ளன. பதிவைத் திருத்தி, திருத்திய விவரத்தை எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

அசல் ரசீதை ஒருபோதும் கொடுத்துவிடலாகாது, நகலே போதும். கடிதத்தை நேரில் கொடுத்தால், நம் கைப்பிரதியில் வங்கியின் சாப்பும் தேதியும் பெற வேண்டும். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்பி, அதன் சீட்டைப் பிரதியோடு குத்தி வைக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு சில வெள்ளிதான்.

ரசீது பற்றி இங்கு ஒன்று கூற வேண்டும். பணம் போடும் இயந்திரம் தரும் வழவழப்பான சீட்டில் எழுத்து நிலைத்திருப்பதில்லை. வெயிலும் வியர்வையும் பட்டுச் சில மாதங்களில் வெள்ளைத் தாளாகிவிடும். பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தேன், எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை என்று வருந்துவோர் உண்டு. வாங்கிய வாரத்திலேயே அதனை நகலெடுக்க வேண்டும், அல்லது கைப்பேசியில் படம் பிடித்து வைக்க வேண்டும். சீட்டே இல்லாதவர்கள் அந்த மாதங்களுக்குரிய கணக்கு விவரத்தைப் பணம் சென்ற வங்கியிலும் பணம் சேர்ந்த வங்கியிலும் கேட்டுப் பெறலாம்.

சம்பளத்தில் பிடிக்கப்பட்ட தவணை உரிய காலத்தில் கடன் கொடுத்தவரைச் சென்றடையாமல் போவதும் உண்டு. அப்பொழுது தொழிலாளியின் கையிலிருந்து பணம் போய்விட்டது. ஏட்டிலோ பாக்கி நிற்கிறது. இதற்குச் சான்று சம்பளச் சீட்டுத்தான். பிடித்தம் என்னென்ன என்று காட்டும் சீட்டைப் பெறுவது தொழிலாளியின் உரிமை. அச்சீட்டின் நகலை வங்கிக் கடிதத்தோடு இணைப்பதுடன், தோட்ட அலுவலகத்திடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்க வேண்டும். சங்கப் பிரதிநிதி உடன் வந்தால் நல்லது. தீராவிடில் தொழிலாளர் இலாகாவில் முறையிடலாம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரு மாதச் சம்பளத்தில் பிடித்தங்கள் பொதுவாக ஐம்பது விழுக்காட்டை மீறக்கூடாது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ளலாம்.

வங்கி மறுத்துவிட்டாலோ பதிலே தராவிட்டாலோ பேங்க் நெகாராவின் மக்கள் சேவைப் பிரிவில் முறையிடலாம். தவறான கணக்கால் பண இழப்பு நேர்ந்திருந்தால், 2025ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து இயங்கிவரும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பாளர் சேவை இருக்கிறது. வாடிக்கையாளரிடம் அது கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் வங்கியின் இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதங்களுக்குள் அங்குச் செல்ல வேண்டும். வங்கி அனுப்பிய கடித உறையைக்கூட எறிந்துவிடாமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மோட்டார் சைக்கிள் கடன்

தோட்டப்புறத்தில் கெட்ட கணக்குகளுக்கு மோட்டார் சைக்கிள் ஒரு முக்கிய காரணமாக விளங்குகிறது. வண்டி இல்லாமல் தொலைவிலுள்ள வேலைக்காட்டிற்குச் செல்ல இயலாது. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் இயலாது. எனவே இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

1967ஆம் ஆண்டு தவணைமுறைக் கொள்முதல் சட்டத்தின்படி, தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறிய பின்னரோ, கடைசித் தவணை தவறிய பின்னரோதான் வண்டியை எடுத்துச் செல்லும் நடவடிக்கையைத் தொடங்க முடியும். அதற்கும் முன்னர் எழுத்து மூலம் அறிவிப்புத் தந்து, 21 நாள்கள் பொறுத்திருக்க வேண்டும். விலையில் எழுபத்தைந்து விழுக்காட்டிற்கு மேல் கட்டப்பட்டிருப்பின், நீதிமன்ற ஆணை இன்றி வண்டியை எடுத்துச் செல்ல முடியாது. பிரட்டுக்களத்தருகே நிறுத்திய வண்டியை அறிமுகமில்லாத இருவர் வந்து தள்ளிக்கொண்டு போக முற்படும்பொழுது, இந்த மூன்று செய்திகளையும் அறிந்திருப்பவர் நிதானமாகப் பேசலாம்.

வண்டி போய்விட்டால் கடனும் போய்விட்டது என்று எண்ணுவது பெருந்தவறு. வண்டி ஏலத்தில் விற்கப்படும். கடன் 5,000 வெள்ளியாகவும் ஏல விலை 2,000 வெள்ளியாகவும் இருப்பின், எஞ்சிய 3,000 வெள்ளியும் செலவுத் தொகைகளும் நம் பெயரிலேயே நிற்கும். ஆண்டுகள் சில கடந்து வழக்காகவும் மாறும். இத்தகைய பாக்கி அறிக்கையில் காணப்பட்டால், ஏலம் எந்த நாளில் நடந்தது, வண்டி என்ன விலைக்குப் போனது, எந்தெந்தச் செலவு சேர்க்கப்பட்டது என்ற முழுக் கணக்கையும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். சேரக் கூடாத செலவுகள் சேர்ந்திருந்தால் அவற்றை மறுக்கலாம்.

பழங்கடன் ஒன்றை வசூலிக்க இன்று திடீரென ஒருவர் தொலைபேசியில் அழைத்தால், "முதலில் ஐம்பது வெள்ளி கட்டுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்பார். அவசரப்பட வேண்டாம். தீபகற்ப மலேசியாவில் ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடரும் காலவரம்பு, 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆறு ஆண்டுகள். ஆயினும் சிறு தொகை கட்டினாலோ, கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டாலோ, அந்த ஆறு ஆண்டுகள் புதிதாக எண்ணப்படத் தொடங்கும். நீதிமன்றத் தீர்ப்பு ஏற்கெனவே பெறப்பட்டிருந்தால் கணக்கு வேறு. ஆகவே பழைய பாக்கி எதுவாயினும், கடன் விவரத்தை எழுத்தில் பெற்று ஆராய்ந்த பின்னரே பணத்தை எடுக்க வேண்டும்.

பிணை நின்றவர்கள்

உறவினருக்காகவும் நண்பருக்காகவும் பிணைக் கையொப்பம் இடுவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். வாங்கியவர் கட்டாவிடில், பிணை நின்றவர் மீதும் வழக்குப் பாயும். அவ்வழக்கு தனியார் கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கையில் அவருடைய பெயரிலும் ஏறும். ஒரு வெள்ளியும் கடன் வாங்காத முதியவர் ஒருவர், வங்கியில் தம் பெயர் கெட்டிருப்பதாக அறிந்து திகைப்பது இவ்வாறுதான்.

2017ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, இலாப நோக்கமின்றிக் கல்விக் கடனுக்கும், சொந்த உபயோகத்திற்கான வாகனத் தவணைக் கடனுக்கும், குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கும் பிணை நின்றவரை நொடிந்தவராக அறிவிக்க இயலாது. இது பெரிய பாதுகாப்பு. எனினும் அவர்மீது பணத்திற்காக வழக்குத் தொடுப்பதை அத்திருத்தம் தடுக்கவில்லை. கடன் வாங்கியவரைப் பொறுத்தவரை, நொடிப்பு வழக்குத் தொடரக் குறைந்தபட்சக் கடன் தொகை இப்பொழுது 100,000 வெள்ளி. ஆகவே 3,000 வெள்ளி பாக்கிக்காக 'பேங்கரப்ட் ஆக்கிவிடுவோம்' என்று மிரட்டுவோருக்கு அஞ்ச வேண்டியதில்லை.

கடன் உண்மை, கையில் பணம் இல்லை

குறைந்தபட்ச ஊதியம் 2025ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஆயினும் இலையுதிர் காலமும் தொடர்மழையும் வேலைக்குப் போக இயலாத நோயும் குடும்பக் கணக்கைக் குலைத்துவிடுகின்றன. ஏட்டில் உள்ளது உண்மை, கட்டப் பணம் இல்லை என்றால் என் செய்வது?

முதலில் வங்கிக்குச் செல்ல வேண்டும். தவணை தவறிய பின்னர் செல்வதைவிட, தவறப் போகிறது என்று தெரிந்த அன்றே செல்வது மேல். இரண்டாவது தவணையும் தவறுவதற்கு முன்னர் சென்றவரிடம் வங்கி பேசும் பேச்சு வேறு. நான்கு மாதம் தொலைபேசியை எடுக்காமல் இருந்தவரிடம் பேசும் பேச்சு வேறு. தவணைத் தொகையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக்கக் கேட்கலாம். காலம் நீண்டால் மொத்த வட்டி கூடும் என்பதையும் அறிந்தே கேட்க வேண்டும்.

இரண்டு மூன்று கடன்கள் இருந்து, எல்லாவற்றிற்கும் போதிய பணம் இல்லாவிடில், எல்லோருக்கும் ஐம்பது ஐம்பதாகப் பகிர்ந்து கொடுத்து எந்தக் கணக்கையும் நேராக்காமல் விடுவது பயன் தராது. வீட்டு உணவிற்கும் மின்சாரத்திற்கும் எடுத்து வைத்த பின்னர், வேலைக்குச் செல்லத் தேவையான வண்டியின் தவணையை இரண்டை எட்டவிடாமல் காப்பது முதற்கடமை என்பது என் கருத்து. வண்டி போனால் வேலை நாள்கள் போகும். வேலை நாள்கள் போனால் மற்றக் கடன்களும் சாயும்.

கணக்குகள் கைமீறிவிட்டன என்று தோன்றினால் ஏ.கே.பி.கே.யை நாடலாம். பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டில் அமைத்த இந்நிறுவனம், தனி மனிதர்களுக்குக் கட்டணமின்றி ஆலோசனை அளிக்கிறது. அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டுகள், கடன் கணக்கு விவரங்கள், வீட்டுச் செலவுப் பட்டியல் ஆகியவற்றுடன் சென்றால், அலுவலர் உடன் அமர்ந்து கணக்குப் போட்டு, பொருத்தமானவர்களுக்கு வங்கிகளுடன் பேசிப் புதிய தவணைத் திட்டம் வகுத்துத் தருவார். அத்திட்டத்தில் சேர்ந்த செய்தி ஏட்டிலும் குறிக்கப்படும். அது முடியும்வரை புதுக் கடன் கிடைப்பது அரிது. கடனில் தத்தளிப்பவருக்குச் சிறிது காலம் புதுக் கடன் கிடைக்காமல் இருப்பது ஒரு வகையில் நன்மையே. ஆலோங்கிடம் வாங்கிய கடனும் கடைக் கடனும் இத்திட்டத்தில் அடங்கா.

வங்கிக் கடனை அடைக்க ஆலோங்கிடம் கை நீட்டுவது, கிணற்றுக்குத் தப்பித் தீயில் பாய்ந்த கதையாகும். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர்கூட, 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்குப் பதினெட்டு விழுக்காட்டிற்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. 1,000 வெள்ளிக்கு ஆண்டு வட்டி 180 வெள்ளி. மாதம் பத்து விழுக்காடு கேட்பவர் அதே பணத்திற்கு ஆண்டில் 1,200 வெள்ளி வட்டி கேட்கிறார் என்று பொருள். சம்பளம் விழும் வங்கி அட்டையை ஈடாகக் கேட்பவரிடம் கடன் வாங்கவே கூடாது.

பெயரை அழித்துத் தருகிறோம் என்போர்

"சிசிரிஸ், சிடோஸ் பெயர் சுத்தம் செய்து தரப்படும், முன்பணம் 500 வெள்ளி" என்ற விளம்பரங்கள் கைப்பேசிகளில் வருகின்றன. தோட்டத்திற்கே ஆள் அனுப்புவோரும் இருக்கின்றனர். பேங்க் நெகாரா ஏட்டில் உள்ள உண்மையான பதிவை அழிக்கும் வழி வெளியார் எவருக்கும் கிடையாது. பதிவு பிழையாயின், அதனைத் திருத்த ஒரு கடிதமும் ரசீது நகலும் போதும். அதற்கு 500 வெள்ளி தேவையில்லை. பதிவு உண்மையாயின், 5,000 வெள்ளி கொடுத்தாலும் அது போகாது. இந்த ஆசாமிகள் பணத்தோடு அடையாளக் கார்டு நகலையும், சில வேளைகளில் வங்கிக் கணக்கின் இரகசிய எண்ணையும் வாங்கிச் சென்றுவிடுகின்றனர். பிறகு அந்தப் பெயரில் வேறு கடன் முளைக்கிறது. 500 வெள்ளி கையில் இருக்குமானால், மேலே சொன்ன பால்வெட்டுத் தொழிலாளியின் கணக்கில் அது இரண்டு தவணைக்கு மேல் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

திருத்தம் நடந்த பின்

வங்கியிடமிருந்து, பதிவு திருத்தப்பட்டது என்ற கடிதம் வந்தவுடன் காரியம் முடிந்துவிட்டது என்று இருந்துவிடலாகாது. அடுத்த மாதக் கணக்கு ஏறும்வரை பொறுத்திருந்து மீண்டும் ஓர் அறிக்கை எடுக்க வேண்டும், அதுவும் இலவசம்தான். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, மாதம் மாதமாக எண்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சிசிரிஸில் கணக்கு நேரான பின்னரும், சிடோஸில் பழைய வழக்குக் குறிப்பு நீங்காமல் நிற்கக்கூடும். ஒன்றிற்கு அனுப்பிய திருத்தம் தானாகவே மற்றொன்றிற்குச் செல்லும் என்று நம்பியிருக்க வேண்டாம். கடன் முழுவதும் தீர்ந்தது, அல்லது வழக்கு மீட்டுக்கொள்ளப்பட்டது என்பதற்கு வங்கி அல்லது அதன் வழக்கறிஞர் தந்த கடிதத்தின் நகலை அங்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சான்று வாங்க வேண்டும். அக்கடிதத்தின் அசல், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இருக்கும் அதே உறையில் இருக்கட்டும்.